சடையன் தங்கம் அரிக்கப் போன கதை

மூங்கில் காட்டின் ஓரத்தில், ஒரு செம்மண் மேட்டில் பெரிய வளை ஒன்று இருந்தது. அதில் சடையன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். அவன் மனைவி பவளாயி. அவர்களுக்கு ஒரே மகள், பெயர் பூவாள்.

அந்த வருடம் மூங்கில் பூத்துக் காய்த்திருந்தது. மூங்கில் எப்போதாவதுதான் பூக்கும். மூங்கில் நெல் என்கிற தன் விதையை உதிர்த்ததும் அது பட்டுப்போகும். மறுபடி குருத்து விட்டு வளரும்வரை காட்டில் தின்பதற்கு அதிகம் கிடைக்காது. அதனால் எல்லா விலங்குகளும் உதிர்ந்த நெல்லைக் கூட்டி அள்ளி வீட்டில் சேர்த்துக்கொண்டிருந்தன.

தரையில் கிடந்த நெல்லில் பொடிக்கல் நிறைய கலந்திருந்தது. கல்லைக் கடித்தால் பல் உடையும். முள்ளம்பன்றிக்குப் பல் போனால் சாப்பாடே போனது மாதிரி. மழை வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் எல்லா நெல்லையும் கல் அரித்து, வெயிலில் காயவைத்து, வளைக்குள் கொண்டுபோக வேண்டும்.

கல் அரிக்கப் பவளாயியிடம் ஒரே ஒரு சுரை ஓடு இருந்தது. முன்பு எப்போதோ வெள்ளத்தில் மிதந்து வந்தது. அதில் நெல்லைப் போட்டு, தண்ணீர் விட்டு, மெல்லச் சுழற்றிச் சாய்ப்பாள். நெல் தண்ணீரோடு வழிந்து பாறைக் குழியில் விழும். கல் ஓட்டின் அடியிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் காலை கெண்டையன் என்ற நீர்நாய் ஓடிவந்தது. அது சடையனின் நெடுநாள் நண்பன்.

"சடையா! இங்கே பாரு!" என்று தன் முன்னங்காலை நீட்டியது. விரல் இடுக்கில் மஞ்சளாக ஒரு பொடி மின்னியது.

"என்ன இது?"

"தங்கம்! ரெண்டு மலை தாண்டி ஒரு ஓடை இருக்கு. நேத்து அங்கே மீன் பிடிக்கப் போனேன். மணல்ல கால் வச்சேன், ஒட்டிக்கிச்சு!"

சடையன் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் விரிந்தது.

"இதை வச்சு என்ன செய்யறது?" என்று பவளாயி கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வெயில்ல வச்சுப் பார்த்துச் சந்தோஷப்படலாம்! ரெண்டு நாள் ஜாலியா போய்ட்டு வரலாம்" என்றது கெண்டையன்.

அன்றிலிருந்து சடையனுக்கு வேறு நினைப்பே இல்லை. எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, வழிக்கு என்ன கிழங்கு எடுத்துக்கொள்வது என்று ஓயாமல் யோசித்தான். நெல் காயப்போடச் சுத்தம் செய்து வைத்திருந்த களத்தில், நகத்தால் மலையையும் ஓடையையும் வரைந்து வைத்தான்.

"என்னங்க இது? நெல்லை எங்கே காயப்போடுவேன்?" என்றாள் பவளாயி.

"அழிச்சிடாதே! அதுதான் வழி. அந்தப் பக்கமா போட்டுக்கோ."

"அந்தப் பக்கம் நிழல். சரி, இந்தக் குவியலையாவது அரிச்சுத் தாங்க."

"இதோ வரேன். கெண்டையன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

போனவன் மாலையில்தான் வந்தான். மறுநாள் கால் சுளுக்கு என்றான். அதற்கு மறுநாள் முதுகில் முள் குத்துகிறது என்றான். "உங்க முள்ளே உங்களைக் குத்துதா?" என்று கேட்டுவிட்டுப் பவளாயி வேலையைப் பார்த்தாள்.

அவளுக்கும் அந்த ஓடையைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. காட்டைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. ஒருநாள் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"வேலை முடிஞ்சதும் எல்லாருமா போகலாமே. நானும் வரட்டுமா?"

சடையன் சிரித்தான். "நீ எதுக்கு? தங்கம் எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதுக்குன்னு ஒரு நுணுக்கம் வேணும். நெல்லுல கல் அரிக்கற உனக்கு அதெல்லாம் பிடிபடாது!"

பவளாயி சுரை ஓட்டை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இந்தக் குவியல் உங்க பங்கு. இதை அரிச்சு முடிச்சிட்டு எங்கே வேணும்னாலும் போங்க."

சடையன் குவியலைப் பார்த்தான். அரித்தால் முழுதாக ஒரு நாள் ஆகும். அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. அரிக்காத நெல்லை அப்படியே வாரி, பவளாயி அரித்துக் காயவைத்திருந்த நெல்லோடு கலந்துவிட்டான்.

"முடிச்சிட்டேன்!" என்று கூவினான்.

"அதுக்குள்ளயா?"

"கை வேகம்!"

அன்று மாலை பூவாள் அந்த நெல்லில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. "அம்மா!" என்று அலறினாள். முன்பல் பாதி உடைந்து, கீழே கல்லோடு கிடந்தது.

பவளாயி ஓடிவந்து மகளின் வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து நெல்லைக் கையால் அளைந்து பார்த்தாள். விரலெல்லாம் கல் தட்டுப்பட்டது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாலு நாள் அரிச்ச நெல்லு. அத்தனையும் மறுபடி அரிக்கணும்" என்றாள். "அதைக்கூட விடுங்க. குழந்தைக்குப் பல் வளர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவ எதைக் கடிப்பா?"

சடையன் மெல்ல வளைக்குள் நழுவினான். 

மறுநாள் விடிந்ததும் பவளாயி மகளின் வாயைக் கழுவிவிடக் குளத்துக்குக் கூட்டிப்போனாள். அந்த நேரம் பார்த்துக் கெண்டையன் வந்தது.

"கிளம்பு சடையா! ஓடையில தண்ணி குறைஞ்சிருக்கு. மழை வந்தா எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்!"

சடையனுக்கு மனம் இரண்டாகப் பிரிந்தது. வீட்டில் வேலை மலைபோல் கிடக்கிறது. ஆனால் தங்கமோ அங்கே மின்னுகிறது. 'கை நிறைய தங்கத்தோடு வந்து நின்றால் அவள் கோபம் பறந்துவிடும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மணல் அள்ள ஏதாவது வேண்டுமே என்று சுரை ஓட்டையும் தூக்கிக்கொண்டான்.

பவளாயி திரும்பி வந்தபோது சடையனும் இல்லை, ஓடும் இல்லை.

தேக்கு இலையை மடித்து அதில் நெல்லை அரித்துப் பார்த்தாள். இலை கிழிந்து நெல் தண்ணீரோடு போனது. வெறும் கையால் கல் பொறுக்கிப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் ஒரு பிடிகூடத் தேறவில்லை. ஒரு நாள் முழுக்க வீணானது.

மறுநாள் காலை அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா பூவாள், ஓட்டை வாங்கிட்டு வந்திடலாம்" என்று கிளம்பினாள். களத்தில் சடையன் வரைந்து வைத்த வழி அப்படியே இருந்தது. அதை மனதில் பதித்துக்கொண்டு இரண்டு மலைகளையும் தாண்டினார்கள்.

ஓடையில் சடையனும் கெண்டையனும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கெண்டையன் முங்கி முங்கி மணலைக் கொண்டுவந்தது. சடையன் அதை ஓடு நிறைய அடைத்து, 'சளக் சளக்' என்று ஆட்டினான். மணலும் தண்ணீரும் மொத்தமாக வெளியே கொட்டின. மேலே பளபளவென்று மிதந்ததை மட்டும் அவன் ஓர் இலையில் வழித்து வைத்தான். இலையில் பெரிய குவியலே சேர்ந்திருந்தது.

பவளாயியைக் கண்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டான்.

"வா வா! பார்த்தியா, எத்தனை தங்கம்!"

பவளாயி இலையின் பக்கம் குனிந்தாள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். அது தாள் தாளாகப் பிரிந்தது.

"இது காக்காப்பொன். நம்ம மேட்டு மண்ணுல கூடத்தான் இருக்கு. ஊதினா பறக்கும்."

"என்ன சொல்றே!"

அவள் 'பூ' என்று ஊதினாள். பாதிக் குவியல் காற்றில் போய்விட்டது. கெண்டையனின் மீசை தொங்கிப்போனது.

"ஓட்டைக் குடுங்க. வீட்டுல நெல்லு கிடக்கு" என்றாள் பவளாயி.

சடையன் தலையைக் குனிந்தபடி கொடுத்தான். ஓட்டின் அடியில் அப்போதுதான் அள்ளிய மணல் இருந்தது. மணலோடு எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அவள் தண்ணீரில் இறங்கி ஓட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கை பழக்கத்தில் அதுபாட்டுக்குச் சுழன்றது. மெல்ல ஒரு சுற்று, லேசாக ஒரு சாய்ப்பு. மறுபடி ஒரு சுற்று, ஒரு சாய்ப்பு. வெள்ளை மணல் வழிந்து போனது. சிவப்பு மணல் போனது. கடைசியில் ஒரு கோடு கறுப்பு மணல் மட்டும் நின்றது.

"அம்மா, அது என்ன?" என்றாள் பூவாள்.

கறுப்பு மணலின் நுனியில் மூன்று மஞ்சள் பொடிகள் அசையாமல் கிடந்தன.

கெண்டையன் எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தது. "தங்கம்! இதுதான் தங்கம்! நான் எடுத்ததும் இதேதான்!"

பவளாயி ஊதிப் பார்த்தாள். பொடி பறக்கவில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தாள். உடையவில்லை.

சடையன் கரையைத் திரும்பிப் பார்த்தான். நேற்றிலிருந்து அவன் கொட்டிய மணல் கரையோரம் மேடாகக் கிடந்தது. அதில் எத்தனை தங்கம் போனதோ!

"எப்படிப் பண்ணினே பவளாயி?" என்று மெல்லக் கேட்டான்.

"நான் எதுவும் புதுசாப் பண்ணலை. தினமும் நெல்லுல கல் அரிக்கிறேன், லேசானது மேலே போகும், கனமானது அடியில நிக்கும். தங்கமும் கனம்தானே? நீங்க கனமானதைக் கொட்டிட்டு லேசானதைச் சேர்த்து வச்சிருக்கீங்க."

"அப்ப இன்னும் கொஞ்சம் அரி! நான் மணல் அள்ளித் தரேன்! சாயங்காலத்துக்குள்ள ஒரு பிடி சேர்த்திடலாம்!"

பவளாயி மேற்கே பார்த்தாள். மலை முகட்டில் கறுத்த மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மழைக்கு இனி இரண்டு மூன்று நாள்தான் என்று தெரிந்தது. அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தண்ணீருக்குள் இருந்த கையை எடுக்க அவளுக்கே மனம் வரவில்லை. ஆனாலும் எடுத்தாள்.

"நீங்க இருக்கறதுன்னா இருங்க. ஓடு என்கூட வருது" என்றாள். மூன்று பொடியையும் கெண்டையனின் உள்ளங்கையில் தட்டிவிட்டாள். "நீ வச்சுப் பாருப்பா."

சடையன் ஓடையைப் பார்த்தான். பிறகு கரையைப் பார்த்தான். அங்கே பூவாள் ஒரு கிழங்கைக் கடைவாய்ப் பக்கமாக வைத்துக் கடிக்க முயன்றுகொண்டிருந்தாள். வலித்ததும் எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். அழவில்லை. அவன் முதுகில் சிலிர்த்து நின்ற முள்ளெல்லாம் அப்படியே படிந்துவிட்டது.

மகளிடம் போய்க் கிழங்கை வாங்கினான். தன் பல்லால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தான். பிறகு அவளை முன்னால் நடக்கவிட்டு, அவனும் வீட்டுக்குக் கிளம்பினான்.

"நானும் வரேன். ரெண்டு கை கூட இருந்தா நல்லதுதானே" என்று கெண்டையனும் பின்னாலேயே வந்தது.

மறுநாள் விடியும்போது வீடு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் சடையன் களத்தில் வரைந்ததை எல்லாம் கூட்டி அழித்தான். ஓட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தான். முதல் ஓட்டில் நெல்லும் கல்லும் சேர்ந்து கொட்டின. இரண்டாவதில் பாதி நெல் கல்லோடேயே அடியில் நின்றுவிட்டது!

"அவசரப்படாதீங்க. ஓட்டை ஆட்டக் கூடாது, சுத்தணும்" என்றாள் பவளாயி.

அன்று முழுக்க அவன் தடுமாறினான். தோள் கடுத்தது. இதையா நாலு நாளாக அவள் தனியாகச் செய்தாள் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் கொஞ்சம் பிடிபட்டது. அவன் அரித்தான். பவளாயி காயப்போட்டாள். கெண்டையன் தண்ணீர் கொண்டுவந்தது. பூவாள் காய்ந்ததை வளைக்குள் தள்ளினாள்.

மூன்றாம் நாள் மதியம் மழை கொட்டிவிட்டது. கால் பங்கு நெல் களத்திலேயே நனைந்து முளைவிட்டுப் பாழானது.  அந்த மழைக்காலம் முழுவதும் சடையன் தன் பங்கில் பாதியைத்தான் தின்றான். பாழான நெல் தன் கணக்கில் கழியட்டும் என்று அவனே சொல்லிவிட்டான்.

மழை ஓய்ந்து ஓடை தெளிந்தது. பூவாளின் உடைந்த பல் வளர்ந்துவிட்டிருந்தது. சடையன் ஒருநாள் காலையிலேயே வளையைக் கூட்டினான், ஈர மண்ணை வாரி வெளியே போட்டான், கிழங்கு தோண்டி வைத்தான். எல்லாம் முடித்துவிட்டு மனைவியிடம் வந்தான்.

"பவளாயி, தங்கம் பார்க்கப் போகலாமா? நீ எப்போன்னு சொல்லு, அப்போ போகலாம்."

"நாளைக்கே போகலாம்!" என்றாள் பவளாயி. அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

நான்கு பேரும் போனார்கள். இரண்டு நாள் ஓடையிலேயே கிடந்தார்கள். பவளாயி ஒன்பது பொடி எடுத்தாள். பூவாள் ஒன்று எடுத்தாள். சடையனுக்கு இரண்டாம் நாள் மாலைதான் ஒன்று கிடைத்தது. அதைப் பாறைமேல் வைத்து, வெயில் இறங்கும்வரை நால்வரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டு வேலையை அற்பம் என்று ஒதுக்குகிறவன், தான் ஆசைப்பட்டதை அடைவதற்கு வேண்டிய கைத்திறனையும் அதோடு சேர்த்தே ஒதுக்கிவிடுகிறான்.