உப்புக் கிண்ணம் எங்கே?

சிவகாசி அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை மென்பொருள் செய்து விற்கும் கனகசபாபதிக்குத் அதன் திரையோரக் கருவிப் பட்டையைப் பற்றி ஏகப் பெருமை. பத்திரிகையில் எதைத் தொடுகிறோமோ அதற்கான கருவிகள் மட்டும் அதில் தெரியும்; மற்றதெல்லாம் மறைந்துவிடும்.

"மறைஞ்சதைப் பழகின கை தேடுமே சார்," என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமயந்தி.

"தப்புன்னு என் வாயாலேயே சொல்ல வை, மாத்திடறேன். முடியலேன்னா நீயே அச்சகம் அச்சகமா போய்ப் பழக்கிக் குடு!"

அன்று மதியம் ஆபீசில் ஆயுத பூஜை விருந்து. முதலாளி இலைக்குத் தமயந்தியே பரிமாறினாள், எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில். அவர் செல்போனைப் பார்த்தபடி சோற்றில் கை வைத்தார். உடனே உப்பு, ஊறுகாய், பாயசம் மூன்றையும் நைசாக எடுத்துவிட்டாள். உப்புக்குப் போன கை வெறும் இலையைத் தடவியது.

"யாரும்மா உப்பை எடுத்தது? வச்சது வச்ச இடத்துல இருக்க வேண்டாமா?"

"நீங்க சோத்தைத் தொட்டீங்க சார். அதான் மத்ததை மறைச்சேன்."

பந்தியே சிரித்தது. அவர் விடவில்லை. "சோத்தைப் பார்த்து சாம்பார் வாளி வருதே, அதுவும் என் பட்டை மாதிரிதானே?"

"தாராளமா வரட்டும் சார். வரும்போது உப்பைத் தூக்கிட்டுப் போகாம இருந்தா போதும்."

கனகசபாபதியும் சிரித்துவிட்டார். "பட்டையை நாளைக்கு மாத்தறேன். உப்பை இப்பவே வை, தாயே!"