கிரைண்டர் சொன்ன பதில்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ராஜ்மோகன் வாயையே திறக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து அவனுடைய தாய்மாமன் சங்கரபாண்டியன் பேசிக்கொண்டிருந்தார். கோவில்பட்டி தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதும் செண்பகவல்லி, அடுக்களையில் பஜ்ஜியைத் தட்டில் அடுக்கியபடி காதைக் கூடத்தில் வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு விடுவார்களா, மாட்டார்களா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்.

"எங்க மாப்பிள்ளை பெங்களூர்ல ஒரு ஏஐ மெஷின் வளர்க்காருல்லா, ரோடு கேட்டு அதுகிட்ட ஒரு மனு எழுதச் சொன்னோம். மனு ஆபீசுக்குப் போயிச் சேரல, அதுக்குள்ள ரோடு வந்து வாசல்ல நிக்கி."

"ரோடு நடந்தா வந்துச்சு?" என்றார் பெண்ணின் சித்தப்பா கருத்தப்பாண்டி.

"பின்ன, ரோட்டுக்கு பஸ்ஸா விடுவாங்க? இதைக் கேளுங்க. கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குச் சாமியாடிக்கு உடம்பு சரியில்ல. மெஷினைக் குறி சொல்ல வச்சோம். பலிச்ச பலிப்புல பக்கத்து ஊர்ச் சாமியெல்லாம் தங்களுக்குக் குறி கேட்க வந்து வரிசையில நின்னுட்டு. டோக்கன் குடுத்துத்தான் சமாளிச்சோம்."

"சாமிக்கு டோக்கனா!"

"இதை இப்படியே விட்டா நாடு தாங்காதுன்னு டெல்லியில இருந்து அதிகாரிங்க வந்தாங்க, மெஷினைக் கட்டுப்படுத்தச் சட்டம் எழுதிக்கிட்டு. மெஷின் அதை வாங்கிப் படிச்சுது, தப்பெல்லாம் திருத்துச்சு, அப்புறம் அதிகாரிங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் எழுதி நீட்டுச்சு. கையெழுத்துப் போட்டுட்டு, பாயசம் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்ப டெல்லியில ஒருத்தர் தும்மணும்னாலும் எங்க வீட்டுக்கு போன் வருது."

"தும்மலுக்கு ஜிஎஸ்டி உண்டுமா?"

"தும்மலுக்குக் கிடையாது. இருமலுக்கு உண்டு."

சித்தப்பாவுக்கு இருமல் வந்தது. எதற்கு வம்பு என்று அடக்கிக்கொண்டார்.

செண்பகவல்லி தட்டோடு வந்தாள். சங்கரபாண்டியன் பெரிய பஜ்ஜியாகப் பார்த்து எடுத்தார். "அதனாலதான் சொல்லுதேன், பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம். அவ கம்பெனிக் கணக்கை மெஷின் ஒரு கொட்டாவி விடுத நேரத்துல முடிச்சிரும்."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மாமா, அது தோசைக்கு மாவு ஆட்டுமா?"

"மாவா?" சங்கரபாண்டியன் அன்றைக்கு முதல்முறையாக உண்மை பேசினார். "அதுக்குத்தானம்மா உன்னைப் பாக்க வந்திருக்கோம்."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"எங்க வீட்டு கிரைண்டர் இத்தனை வருஷமா கடகடங்கிறதைத் தவிர ஒண்ணும் பேசினதில்ல மாமா. இப்ப நீங்க சொன்னதைக் கேட்டு வாயைத் திறந்துட்டு. 'நீ வேலைக்குப் போ தாயி, மாவை நான் பாத்துக்கிடுதேன்'னு சொல்லுது. சரி, இந்தச் சம்பந்தம் எப்படின்னு கேட்டேன். 'ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புதேன்'னுட்டு."

பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டுச் சொல்லிப் போகும் வார்த்தை அது.

"கிரைண்டருக்கு ஏதும்மா ஊரு?" என்றார் சங்கரபாண்டியன்.

"ரோடு உங்க வாசல்லதான நிக்கி? கொஞ்சம் வரச் சொல்லுங்க மாமா, கிரைண்டர் அதுல ஏறிப் போயி ஊரைத் தேடிக்கிடும்."