தக்காளிக் காட்டுச் சத்தியம்

பண்ணையார் சென்னியப்பன் பங்குனி வெயிலில் தக்காளி நடச் சொன்னார். "ஆனி பொறக்கட்டுங்க, இப்ப நட்டாப் பூவெல்லாம் கொட்டிப் போயிருமுங்க" என்று கெஞ்சினாள் பண்ணையாள் பாவாயி. யார் கேட்டார்கள்? சரி, வேராவது பிழைக்கட்டும் என்று செடிக்கடியில் வைக்கோலைப் பரப்பி மூடாக்குப் போட்டாள். அதையும் தன் ரேக்ளா பந்தயக் காளைகளுக்கு வாரிக்கொண்டு போய்விட்டார் மனுசன். அவள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஊற்றிய ஈரம் உச்சிப்பொழுதுக்குள் காய்ந்தது.

சித்திரையில் காடே கருகிப்போனது. பண்ணையார் காட்டு வரப்பில் ஊரைக் கூட்டினார்.

"தண்ணி ஊத்தாம செடியைக் கொன்னவ இவ. இல்லைன்னா இந்த மண்ணுல நின்னு சத்தியம் பண்ணட்டும். மாட்டேன்னா குடிசையைக் காலி பண்ணட்டும்."

அந்த ஊரில் மண்சத்தியம் என்றால், பழி சொல்பவர்தான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும்.

"நிக்கிறேனுங்க. முறைப்படி முதல்ல நீங்க" என்றாள் பாவாயி.

பண்ணையார் மிடுக்காக இறங்கினார். "இந்தச் செடியெல்லாம் செத்தது..." என்று ஆரம்பித்தவர், "ஐயோ, சுடுதே!" என்று துள்ளி, பாத்தியில் சிந்திக் கிடந்த ஒரு பிடி வைக்கோலின்மேல் ஏறிக்கொண்டார்.

"சத்தியம் முடிஞ்சுதுங்க. எதனால செத்துதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எது காப்பாத்தியிருக்கும்னும் நின்னு காட்டிட்டீங்க" என்றாள் பாவாயி.

ஊர் சிரித்தது. குடிசை தப்பியது. மறுநாள் பண்ணையார் வீட்டிலிருந்து வண்டி நிறைய வைக்கோல் வந்து இறங்கியது. பாவாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போர்த்திவிட ஒரு செடிகூட மிச்சமில்லை.