மயில் எல்லாம் ஒரே பக்கம்

சென்னியப்பன் அப்படி ஒரு கேள்வி கேப்பாருன்னு அந்த மாடியில யாருமே நெனைக்கல.

கோயமுத்தூர்ல ஒரு மொட்டை மாடி, மேல தகரக் கூரை. சனிக்கிழமை சாயந்தரமானா அங்க வகுப்பு. பழைய மரச்சாமானைச் சுரண்டி, தேச்சு, வார்னிஷ் அடிச்சுப் புதுசாக்கறது எப்படின்னு பெனசிர் சொல்லித் தருவாங்க. அவங்களுக்கு வயசு முப்பது கூட ஆகல. சென்னியப்பனுக்கு அறுபது தாண்டியாச்சு. இவர் அவங்களை டீச்சர்ம்பாரு, அவங்க இவரை சார்ம்பாங்க. கூடப் படிக்கற பசங்களுக்கு அதுவே ஒரு சிரிப்பு.

அன்னிக்கு ஆளாளுக்கு சந்தேகம் கேட்டாங்க. ஒருத்தி நாற்காலிக் காலு ஆடுதுன்னா. ஒருத்தன் வார்னிஷ்ல கொசு ஒட்டிக்கிச்சுன்னான். கடைசியா இவர் கையைத் தூக்கினாரு.

"டீச்சர், சாப்பாட்டு மேசைய எவ்வளவு நல்லாப் பண்ணினா பையன் அதுல உக்காந்து சாப்பிடுவான்?"

யாரோ சிரிக்க ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டாங்க.

"இப்ப எங்க உக்காந்து சாப்பிடறாரு சார்?"

"சோபாவுல. தட்டை மடியில வெச்சுக்கிட்டு."

"எப்பலேர்ந்து?"

"அவங்கம்மா போனதுலேர்ந்து."

டீச்சர் கையில இருந்த உப்புத்தாளை மடிச்சுப் பையில போட்டாங்க.

"காலைல வீட்டுக்கு வந்து பாக்கறேன்" அப்படின்னாங்க. அவ்வளவுதான். 

பையன் பேரு தரணி. ஊருக்கு அந்தக் கோடியில பொண்டாட்டியோட குடியிருக்கான். ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் இட்லி பார்சலோட வருவான். சோபாவுல உக்காந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டு, "வர்றேம்ப்பா"ன்னு கிளம்பிடுவான். சண்டைன்னும் சொல்ல முடியாது, சமாதானம்னும் சொல்ல முடியாது. அவன் போனதும் வீடு மறுபடியும் அடுத்த ஞாயிறு வரைக்கும் வாயை மூடிக்கும். சென்னியப்பன் டிவியைப் போட்டு விட்டுட்டு அடுப்படியில வேலை பாப்பாரு. பாக்கறதுக்கில்ல, ஒரு மனுசக் குரல் கேக்கட்டும்னுதான்.

மேசைதான் காரணம்னு அவர் முடிவு பண்ணிட்டாரு. எண்ணெய்ப் பிசுக்கு, கருப்புக் கறை, காபி டம்ளர் வெச்ச வட்டம். அதுல யாரு உக்காருவா? அப்படி நெனைச்சுத்தான் பாலிஷ் வகுப்புல சேந்தாரு. சுரண்டினாரு, தேச்சாரு, வெடிப்புக்குப் பட்டி வெச்சாரு. நாலு மூலையிலயும் அச்சு வெச்சு மயில் வரைஞ்சாரு. மில்லுல நூல் சோதனை பண்ணின மனுசன். ஒரு முடிச்சு விழுந்தாக்கூட தூரத்துலேர்ந்தே கண்டுபிடிக்கற கண்ணு. அந்தக் கண்ணால பாத்துப் பாத்துப் பண்ணின மேசை.

மறுநாள் காலைல டீச்சர் வந்தாங்க. மேசைய ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. விரல் நுனியால தடவினாங்க.

"வழவழன்னு இருக்கு."

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துடுச்சு.

"மயிலும் நல்லா வந்திருக்கு" அப்படின்னு சொல்லிட்டே எதிர்ப்பக்கம் போய் நின்னாங்க. தலையை ஒரு பக்கமா சாய்ச்சுப் பாத்தாங்க. "ஆனா சார், இங்கேர்ந்து பாத்தா எல்லாமே தலைகீழா நிக்குது."

"எப்படி டீச்சர்? நேராத்தானே போட்டேன்."

"உங்களுக்கு நேரா இருக்கு. நாலு மயிலும் உங்க நாற்காலியவே பாத்துட்டு நிக்குது."

அவர் இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. நிஜந்தான். ஒரு மயில் கூட எதிர்ப்பக்கம் திரும்பல.

"பரவால்ல விடுங்க, மயில்தானே" அப்படின்னுட்டு டீச்சர் எதிர் நாற்காலிய இழுத்து உக்காந்தாங்க. கண்ணைச் சுருக்கினாங்க. "வார்னிஷ்ல கோடு இருக்கு சார். பிரஷ் இழுத்த கோடு. இந்தப் பாதி முழுக்க."

"இருக்காது. நான் நல்லாப் பாத்துட்டேன்."

"எங்க உக்காந்து பாத்தீங்க?"

"இங்கதான். என் நாற்காலியில."

"இங்க வந்து பாருங்க."

சென்னியப்பன் அசையல.

"அது என் வீட்டுக்காரி வசந்தாமணி நாற்காலி" அப்படின்னாரு. "இப்ப யாரும் அதுல உக்கார்றதில்ல. கோடு இருந்தா இருந்துட்டுப் போகுது டீச்சர்."

டீச்சர் எழுந்துட்டாங்க. நாற்காலிய உள்ள தள்ளல. பையிலேர்ந்து உப்புத்தாளை எடுத்து அது முன்னாடி மேசை மேல வெச்சுட்டு, ஓரமா போய் நின்னுக்கிட்டாங்க.

வெளிய ஒரு பால்காரர் ஹாரன் அடிச்சுட்டுப் போனாரு. 

அப்புறம் சென்னியப்பன் மேசையச் சுத்தி வந்தாரு. நாற்காலி முதுகை ஒரு தடவை பிடிச்சாரு. உக்காந்தாரு.

ஜன்னல் எதிர்ல இருந்துச்சு. அவரோட நாற்காலிக்குப் பின்னாடி, கொஞ்சம் இடதுபக்கமா. கிழக்கு பாத்த ஜன்னல். காலை வெயில் நேரா வந்து மூஞ்சியில அடிச்சுது. அவர் கை தானா மேல போயி நெத்தியில கூரை மாதிரி நின்னுச்சு.

கோடு தெரிஞ்சுது. பாதி மேசைக்கும் கோடு, வாரின தலை மாதிரி. ஆனா அவர் கோட்டைப் பாக்கல. தூக்கின கையை அப்படியே வெச்சிருந்தாரு.

"வசந்தாமணி இப்படித்தான் சாப்பிடுவா" அப்படின்னாரு.

டீச்சர் அந்தக் கையைப் பாத்தாங்க.

"ஒரு கையால இட்லியப் பிப்பா. இன்னொரு கை நெத்தியில இருக்கும். தலைவலியான்னு கேப்பேன். இல்லைம்பா. மாத்திரை போடேன்னு சொல்லிட்டுப் பேப்பரைத் திருப்புவேன். மில்லு ஷிப்டுக்குக் கிளம்பிடுவேன்." நெத்தியிலேர்ந்து கையை எறக்கினாரு. "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இதே நாற்காலி டீச்சர். ஒரு தடவை கூட அவ சொன்னதில்ல."

அவர் டீச்சர் பக்கம் திரும்பினாரு.

"இது தெரிஞ்சுதான் என்னைய இங்க உக்காரச் சொன்னீங்களா?"

"கோடு தெரியற இடம் இதுதான் சார்."

அவர் உப்புத்தாளை எடுத்தாரு. மர ரேகை போற வாக்குலயே தேச்சாரு. கண்ணுல தண்ணி வழிஞ்சுது, வெயிலுக்குன்னே வெச்சுக்கலாம். தூசியைத் துடைச்சுட்டு, டீச்சர் நீட்டின பிரஷை வாங்கி அந்தப் பாதிக்கு மெலிசா ஒரு கை வார்னிஷ் அடிச்சாரு. இந்தத் தடவை ஒரு கோடு இல்ல.

அப்பத்தான் தரணி உள்ள வந்தான். கையில இட்லி பார்சல். எப்பவும் போல நேரா சோபாவுக்குப் போனவன் பாதியில நின்னுட்டான். அப்பா அம்மாவோட நாற்காலியில உக்காந்திருந்தாரு.

"ஏம்ப்பா அங்க உக்காந்திருக்கீங்க?"

"கண்ணு கூசுதுடா."

"தெரியும்."

சென்னியப்பன் பிரஷைக் கீழ வெச்சாரு. "தெரியுமா?"

தரணி டீச்சரைப் பாத்தான். வெளியாள் இருக்காங்களேன்னு ஒரு தயக்கம். அப்புறம் பார்சலை டிவி மேல வெச்சுட்டு, ஜன்னல்கிட்டப் போய் நின்னான். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்னான். அவன் நிழல் மேசையத் தாண்டி வந்து அப்பா மூஞ்சி மேல விழுந்துச்சு.

"இப்ப கூசுதா?"

"இல்ல."

"பள்ளிக்கூடம் போற காலத்துல இங்கதாம்ப்பா நிப்பேன். ஜன்னல் திண்டுல தட்டை வெச்சுக்கிட்டு. அப்பத்தான் அம்மா ரெண்டு கையையும் கீழ வெச்சு சாப்பிடும்."

சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்துச்சு. குதிரை மாதிரி நின்னுக்கிட்டே திங்காதடா, மேசை எதுக்கு வாங்கிப் போட்டிருக்கு, உக்காந்து சாப்பிடு. தினம் காலைல அந்தப் பாட்டுத்தான். ஒருநாள் தட்டைப் பிடுங்கி மேசை மேல வெச்சு, பையனை இழுத்து உக்கார வெச்சாரு. அதுக்கப்புறம் அவன் அங்க நிக்கறதில்ல.

"ஏண்டா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லாதன்னு அம்மா சொல்லுச்சு. நீங்க வேலைக்குப் போற நேரம், சாப்பிடறப்ப எதுக்குன்னு."

இதைக் கோவமா சொல்லியிருந்தாக்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். அவன் வெறும் தகவல் மாதிரி சொன்னான்.

"வா, உக்காரு" அப்படின்னாரு சென்னியப்பன்.  "இங்க, என் நாற்காலியில உக்காரு. நான் இப்படியே இருக்கேன்."

தரணி மேசையத் தொடாம குனிஞ்சு பாத்தான்.

"ஈரமா இருக்கேப்பா."

ஜன்னலை விட்டு நகந்தான். வெயில் மறுபடியும் அவர் மேல விழுந்துச்சு. அவன் அடுப்படிக்குப் போயி ரெண்டு தட்டு எடுத்துட்டு வந்து, ஒண்ணுல இட்லிய வெச்சு அப்பா கையில குடுத்தான். இன்னொண்ணை எடுத்துக்கிட்டு சோபாவுல போய் உக்காந்தான். மடியில வெச்சு சாப்பிட ஆரம்பிச்சான்.

டீச்சர் பிரஷைத் துணியில துடைச்சு, வார்னிஷ் டப்பாவை மூடினாங்க. வாசல்ல போய் செருப்பு மாட்டினாங்க. சென்னியப்பன் தட்டைக் கையில பிடிச்சபடியே கிட்டப் போயி, பையனுக்குக் கேக்காத குரல்ல கேட்டாரு.

"இது காயறதுக்கு எத்தனை நாளாகும் டீச்சர்?"

டீச்சர் சோபா பக்கம் ஒரு தடவை பாத்தாங்க.

"மேசை நாளைக்கே காஞ்சிடும் சார்."