சி வீசியெறிந்த துடைப்பம்

அந்தக் காலத்தில் விலங்குகளைப் போலவே கணினி மொழிகளும் வாய் திறந்து பேசின. ஆற்றங்கரை ஒன்றில் சி என்ற மொழி, எண்களைப் போட்டு வைக்கப் பெட்டிகள் கொடுத்து வந்தது. கேட்க வருபவரிடம் அது கேட்பது இரண்டே கேள்வி: "என்ன வகை? என்ன பெயர்?" பிறகு, முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன எண்ணைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பூஜ்யத்தோடு பெட்டியை நீட்டும்.

அதே கரையில் மாரப்பன் என்ற நீர்நாய் படகு ஓட்டினான். படகு எட்டுப் பேரைத் தாங்கும்.

ஒருநாள் மலையில் பெருமழை. ஆறு ஏறிக்கொண்டே வந்தது. அக்கரைக்குத் தப்பிக்க விலங்குகள் முண்டியடித்தன. அந்தக் கூச்சலில் தலைகளை எண்ண முடியாமல் மாரப்பன் சியிடம் ஓடினான்.

"முழு எண். பெயர், ஆட்கள். எட்டு ஆனதும் பெட்டி மணி அடிக்கணும்."

சி துடைப்பத்தை எடுத்தது.

"வெள்ளம் கழுத்துக்கு வருது, இப்பதான் கூட்டிப் பெருக்குவியா? கல்யாண வீடா இது? அப்படியே கொடு!"

"பழசு உள்ளே கிடக்குமே."

"கிடந்தா கிடக்கட்டும். உன்னை மாதிரி மெத்தனமான ஆளை நான் பார்த்ததில்லை."

சி மொழிக்குச் சுருக்கென்றது. துடைப்பத்தை ஆற்றில் வீசியெறிந்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தது.

முயல் ஏறியது. மாரப்பன் பெட்டியில் ஒன்றைக் கூட்டினான். கீரி ஏறியது, இன்னொன்று. இப்படியே கூட்டிக்கொண்டு போனான். படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது.

"மாரப்பண்ணே, என் வால் நனையுது" என்றது நரி.

"மணி அடிச்சுதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? தள்ளி உட்காரு."

பதினோராவது ஆளாக முள்ளம்பன்றி ஏறியபோதுதான் மணி அடித்தது. மாரப்பன் துடுப்புப் போட்டான். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, படகு கவிழ்ந்தது.

அவன் மூழ்கி மூழ்கி ஒவ்வொருவரையும் கரைக்குத் தள்ளினான். கடைசியாக முள்ளம்பன்றியைக் கட்டிப்பிடித்து இழுத்து வந்தபோது அவன் கையெல்லாம் முள். எல்லோரும் மேட்டில் ஏறி உயிர் பிழைத்தார்கள். படகு போய்விட்டது.

கூட்டத்திலிருந்த பெருச்சாளி தயங்கித் தயங்கிச் சொன்னது: "அந்தப் பெட்டியில முன்னாடி என் வளையோட ஆழத்தைப் போட்டிருந்தேண்ணே. தரைக்குக் கீழே மூணு அடி. அதனால மைனஸ் மூணு."

மாரப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டான். மைனஸ் மூன்றிலிருந்து எட்டுக்குப் போகப் பதினொன்று வேண்டும். பெட்டி பொய் சொல்லவில்லை.

"இனிமே துடைச்சே கொடு" என்றான், பல்லால் முள்ளைப் பிடுங்கியபடி.

"துடைப்பம் ஆத்தோட போச்சு. வேகமா வேணும்னு நீதானே கேட்டே? வேகமா தர்றேன். முதல் எண்ணை நீயே போட்டுக்கோ" என்றது சி.

புதுப் படகு கட்டியதும் மாரப்பன் மறுபடி அங்கே போனான். இந்தமுறை கேட்கும்போதே, "முழு எண். ஆட்கள். பூஜ்யம்" என்று ஒரே மூச்சில் சொன்னான்.

அன்று முதல்தான், சி மொழியில் ஒரு செயற்கூற்றுக்குள் (function) முழு எண் கேட்டு int aatkal; என்று மட்டும் எழுதினால், பெட்டியில் யாரோ விட்டுப்போன எண் கிடக்கிறது; விவரம் தெரிந்தவர்கள் int aatkal = 0; என்று எழுதிவிட்டுத்தான் முதல் ஆளைப் படகில் ஏற்றுகிறார்கள்.