மகிழமரத்தில் கேட்ட குரல்

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில் மகாராணி இறந்த நாற்பதாம் நாள் விடியலில், நந்தவனத்து மகிழமரத்திலிருந்து அவள் குரல் கேட்டது. "அரசே, தாகமாயிருக்கிறது" என்றது. மறுநாளும் கேட்டது. அரசர் சோறு தண்ணீர் மறந்தார். கூப்பிடுகிற இடத்துக்கே தானும் போய்விடுவதாகப் புலம்பினார்.

விகடகவி சொக்கநம்பிக்குப் பறவைக் குரல்கள் அத்துப்படி. அவன்மேல் அரசர் வைத்திருந்த பிரியம் அமைச்சர் கந்தராயருக்கு ஆகாது. நந்தவனத்தில் கேட்கும் ஒவ்வொரு குரலுக்கும் உரியவர் பெயரை நம்பி சொல்லட்டும், தவறினால் தலையை எடுக்கலாம் என்று அரசர் காதில் ஓதினார். அரசரும் அப்படியே ஆணையிட்டார். நம்பி பறவை என்று சொன்னால் ராணிக்கு இழுக்கு என்பார்கள். ராணி என்று சொன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்து என்பார்கள்.

நம்பி மூன்று நாள் தவணை வாங்கினான். பனியில் தனியே உட்கார்ந்து கேட்டபோது உடம்பு சில்லிட்டது. ஆனால் இலைக்குள் இருந்தது ஒரு மலைமைனா. நோயில் கிடந்த ராணியின் அறையில் வளர்ந்தது. நோய் தொற்றும் என்று சொல்லி அந்த அறைக்குள் கந்தராயர் அரசரைக்கூட விட்டதில்லை. மூன்றாம் நாள், தாகம் என்கிறதே என்று கிண்ணத்தில் பாலைக் கரண்டியால் கலக்கினான். கரண்டிச் சத்தம் கேட்டதும் மைனா வேறொரு குரலில் பேசியது. நம்பி கரண்டியை வைத்துவிட்டு அரசருக்குச் சொல்லியனுப்பினான்.

நான்காம் நாள் அரசரும் அமைச்சரும் வந்தார்கள். கன்னான் செம்புப் பாத்திரம் தட்டுவதுபோல் ஓர் ஓசை. குக்குறுவான் என்றான் நம்பி. புதருக்குள்ளிருந்து 'ஊப் ஊப்'. செம்போத்து என்றான். "அரசே, தாகமாயிருக்கிறது" என்றது மரம்.

"மகாராணியின் குரல்" என்றான் நம்பி. அரசர் கண்ணை மூடிக்கொண்டார்.

நம்பி கிண்ணத்தில் கரண்டியைச் சுழற்றினான்.

"இன்னும் இரண்டு சொட்டு விடு. அரசருக்குத் தெரியாது" என்றது மரம்.

"இது அமைச்சர் கந்தராயர் குரல்."

"நான் வாயே திறக்கவில்லை" என்றார் கந்தராயர், வெளிறிப்போய்.

"குரலுக்கு உரியவரைத்தானே சொல்லச் சொன்னீர்கள், ஐயா. வாய்க்கு உரியவரைக் கேட்கவில்லையே."

அரசர் சிரித்தார். கேட்டவர் குலை நடுங்கும் சிரிப்பு. அமைச்சரைக் காவலர்கள் இழுத்துப்போன பிறகும் அது நிற்கவில்லை. கடைசியில் அழுகையாகி ஓய்ந்தது. கழுத்து முத்துமாலையை நம்பிக்கு அணிவித்து, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். மைனாவைக் கூண்டில் அடைக்க வேண்டாம் என்று மட்டும் நம்பி கேட்டுக்கொண்டான்.

அரசர் தலையசைத்து, கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, புதிதாய்த் தண்ணீர் ஊற்றி மரத்தடியில் வைத்தார்.