அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு மூட்டை

மலையடிவாரத்து மடத்தில் ஆவுடையம்மாள் ஒன்பது வருஷமாகச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிஷ்யைதான். குரு நாயகம் சாமி அவளைவிட ஆறு வயது இளையவர்.

வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. “சாமி, எனக்கு நெஞ்சு சும்மா சும்மா பதறுதே, என்ன செய்ய?”

சாமி பதில் சொன்னதே இல்லை. கேட்கிறபோதெல்லாம் ஏதாவது வேலை சொல்வார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், சொல்லாமல் கொள்ளாமல் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். அந்த மடத்தில் குருவிடம் போய்வர விடை கேட்காமல் யாரும் போகக் கூடாது. கேட்கப் போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் கால் நகராது. அதனால் துணிமூட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். சாமி ஓடைக்குக் குளிக்கப் போகிற நேரத்தில்தான் பஸ் வரும். கூட இருந்த சிஷ்யர் குற்றாலிங்கம் அண்ணாச்சி பஸ்ஸை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்கென்று பார்த்து, குளிக்கக் கிளம்பிய சாமியின் தலையில் காய்ந்த தென்னை மட்டை விழுந்தது. காயம் இல்லை. எல்லாம் மறந்துபோயிற்று.

“அக்கா, நீங்க யாரு? நான் யாரு?” என்றார்.

“அடப் பாவி மட்டையே!” ஆவுடையம்மாள் தலையில் கைவைத்தாள். “இத்தனை வருஷமா நீங்க எங்களைக் கேட்ட கேள்வி சாமி அது. எங்களுக்கே இன்னும் தெரியலை.”

பக்கத்துத் தெரு வைத்தியர் ஓடிவந்து பார்த்தார். இரண்டொரு நாளில் சரியாகிவிடும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிப் போனார்.

அண்ணாச்சி வாசலில் கிசுகிசுத்தார். “பஸ் வரப்போகுது, கிளம்புங்கம்மா. விடை கேக்கிற வேலையும் மிச்சம். அவருக்குத்தான் உங்களைத் தெரியலையே.”

“கத்தரிக்காய் அவருக்கு ஒத்துக்காதுன்னு அவருக்கு யாரு சொல்லுவா? நீங்களா? நீங்கதான் ரெண்டு கரண்டி கூடப் போடுவீங்க.”

இதற்குள் சாமி அடுக்களையிலிருந்து மூட்டையோடு வந்தார்.

“இது என்னோடதுதானே? நான் எங்கேயோ கிளம்பியிருக்கேன் போல.”

“ஆமா... இல்ல... அது வந்து...”

அவர் அவிழ்த்துவிட்டார். மேலாக ஒரு சுங்குடிச் சேலை.

“சாமியாருக்குச் சேலை எதுக்கு அக்கா?”

“நான் பஸ்ஸைப் பார்த்துட்டு வாறேன்” என்று அண்ணாச்சி நழுவினார்.

ஆவுடையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. “என்னோடது சாமி. உங்களுக்குத் தெரியாம போகப் பார்த்தேன்.”

“ஏன்?”

“ஒன்பது வருஷமா கேட்டும் நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலை.”

“அவ்வளவு மோசமான ஆளா நான்?”

“ஐயையோ, எவன் சொன்னான்?” சண்டைக்கு வந்தவளைப் போல இடுப்பில் கைவைத்தாள். “உலை கொதிக்கலையேன்னு மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். ஒருநாள் நீங்க பக்கத்துல உட்கார்ந்து என்கூட அவரைக்காய்க்கு நார் உரிச்சீங்க. உரிச்சு முடிக்கையில சோறு வெந்திருந்துச்சு. என் மகன் கடிதாசி போடலைன்னு அழுதேன். தபால்காரருக்குத் தினம் மோர் கொடுன்னீங்க. கடிதாசி கொண்டுவராதவருக்கு மோர் எதுக்குன்னேன். ‘கடிதாசியா வெயில்ல வருது? அவருல்லா வாராரு’ன்னீங்க...”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இன்னொருமுறை அடித்தது. ஆவுடையம்மாள் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனாள்.

சாமி சம்மணமிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல மனுஷரா இருந்திருக்காரு” என்றார் கடைசியில். “எனக்கே அவரைப் பார்க்கணும் போல இருக்கு.”

“நாளைக்கே ஞாபகம் வந்துடும் சாமி.”

“வரலைன்னா?”



சாமி சேலையை மடித்து வைத்து, மூட்டையை இறுக்கிக் கட்டி, அவள் கையில் கொடுத்தார்.

“நீங்க அவருகூட இருந்தவங்க அக்கா. எங்கே போனாலும் சரி, நானும் வரட்டுமா? உங்ககிட்ட கத்துக்கிடுதேன்.”

ஆவுடையம்மாள் மூட்டையை மறுபடி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவரைக்காய்க் கூடையை எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.